முக்குளிப்பான் எழும்பும் இடம்

கடைசியாக அம்மாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, ஒரு சாக்கடை மூடியைத் தேய்த்துக் கழுவியது.

மார்ச் மாதம், திங்கட்கிழமை. எங்கள் பக்கத்தில் முடி வெட்டும் பார்லர்களுக்கெல்லாம் திங்கள்தான் விடுமுறை. அம்மா தன் கடைக்கு எதிரே, தெரு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் பழைய பல் துலக்கும் பிரஷ். நான் வாளியோடு நின்றேன். வண்டிகள் ஒதுங்கிப் போவதற்காக எங்களுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கூம்பு. அது நகராட்சியின் சாக்கடைப் பிரிவில் வேலை பார்க்கும் குராமொச்சி கொடுத்துவிட்டுப் போனது.

"அன்னத்தோட கழுத்துல மண்ணு இருக்கு பாரு. அங்க தேய்."

"தேய்ச்சுட்டேன்மா."

"நீ ரோட்டத் தேய்க்கற. அன்னத்தத் தேய்டா."

எங்கள் ஊர் கமொசாகி, பிவா ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஊருக்கென்று ஒரு மரம், ஒரு பூ, ஒரு பறவை உண்டு. பறவை அன்னம். இங்கே ஊருக்கு ஊர் சாக்கடை மூடியில் தன் படத்தை வார்ப்பார்கள்; அதனால் எங்கள் மூடிகளிலெல்லாம் அன்னம். அந்த மூடியை அடுத்த வாரம் எடுத்துவிட்டுப் புதியது போடப் போகிறார்கள். புதியதில் இருக்கும் படம் அம்மா வரைந்தது. ஆனாலும் பழையதற்கு ஒரு மைப்படி எடுத்து வைக்க வேண்டும் என்றாள்.

கினுயோ அத்தை சைக்கிளில் வந்தாள். தெருக்கோடியில் ஏரிமீன் கடை வைத்திருப்பவள், அம்மாவுடன் பள்ளியில் படித்தவள். ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"என்னடீ இசோகோ, நடுத்தெருவுல உக்காந்து பாத்திரம் விளக்கற?"

"உன் கடைச் சட்டிய விட இது சுத்தம். வேணும்னா இதுல மீன் வேக வை."

"யுகி தம்பி, உங்கம்மாவுக்கு வயசாச்சு. கொஞ்சம் கட்டி வை."

"நான் சொன்னா கேக்கறாங்களா அத்தை?"

"நீ என்னிக்கு சொன்ன? நீ அளக்கத்தான் செய்வ." சிரித்துக்கொண்டே மிதித்துப் போனாள்.

கழுவிய மூடியைத் துணியால் ஒற்றினோம். மெல்லிய காகிதத்தை விரித்து நீர் தெளித்தோம். ஈரக் காகிதம் இரும்பின் பள்ளம் மேடுகளில் படிந்து இறங்கும். மூலைகளை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா மை தொட்ட துணிப்பந்தால் தட்ட ஆரம்பித்தாள். மேடுகள் கறுத்தன, பள்ளங்கள் வெளுப்பாக நின்றன. அன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

தட்டிக்கொண்டே சொன்னாள்: "வியாழக்கிழமை குராமொச்சியோட போய் எடத்தக் காட்டணும். சாக்பீஸ் குடுத்துட்டுப் போயிருக்கான். நான் வட்டம் போட்டா அவன் வெட்டுவானாம்."

"எந்த எடம்?"

"சொன்னா நீ அளப்ப."

அன்று மாலை ரயிலில் நான் ஒசாகாவுக்குத் திரும்பினேன். புதன்கிழமை காலை அம்மா கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. நான் வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. வயது எழுபத்திரண்டு.

*

எந்த இடம் என்பது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தனிமுரா இசோகோ. ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் கைக்குள் வந்து போயிருக்கிறது. கடையில் இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி. முதல் நாற்காலியில் முடி வெட்டுவாள். இரண்டாவதில் சுருள் போட்டவர்கள் மருந்து பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். ஊர்ப்பேச்சு முழுக்க அந்த இரண்டாவது நாற்காலியில்தான் நடக்கும். அம்மா எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டாள். ஒருத்தி வந்து மருமகளைத் திட்டினால், "ஆமா, கஷ்டம்தான்" என்பாள். மருமகள் வந்து மாமியாரைத் திட்டினாலும் அதே "ஆமா, கஷ்டம்தான்." இரண்டு பேரும் அவள் தன் கட்சி என்று நம்பிக்கொண்டு போவார்கள்.

அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வழியில் தங்கும் ஊர்களிலிருந்து தின்பண்டம் வாங்கி வருவார். ஒரு கட்டத்தில் அம்மா, "மாவு உருண்டைய எத்தன ஊர்லேந்துதான் வாங்குவீங்க, எல்லாம் ஒரே ருசி" என்றாள். "வேற என்ன வேணும்?" என்று கேட்டார் அப்பா. "அந்தந்த ஊர்ல மட்டும் இருக்கறது ஏதாவது" என்றாள். அடுத்த தடவை அவர் ஒரு செய்தித்தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அதன்மேல் பென்சிலால் தேய்த்தெடுத்த ஒரு மூடி. வடக்கே ஏதோ துறைமுகம், மூன்று கணவாய் மீன்கள். லாரியை ஓரம் கட்டிவிட்டு ரோட்டில் மண்டியிட்டுத் தேய்த்திருக்கிறார். அதற்குப் பிறகு எரிமலை, பம்பரம், பாலம், தீயணைப்பு வண்டி என்று வரிசையாக வந்தன. அம்மா எல்லாவற்றையும் கடைச் சுவரில் ஒட்டினாள்.

அப்பா இறந்துபோன பிறகு சுவரில் புதிதாக எதுவும் சேரவில்லை. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். ஒரு குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்தபோது அம்மா தெருவில் குந்தியிருந்தாள். பென்சில் அவளுக்குப் பிடிக்கவில்லை, மையும் துணிப்பந்தும் பழகிக்கொண்டிருந்தாள். அன்று காகிதத்தைக் காயவிட்டு உள்ளே வந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு வாலாட்டிக் குருவி மூடியின் குறுக்கே நடந்து போகிறது. ஈர மையை மிதித்து, வெள்ளைப் பக்கத்தில் கால் பதித்து, வாலை ஆட்டிக்கொண்டே மறு ஓரத்தில் இறங்கியது.

"விரட்டட்டுமா?" என்றேன்.

"இரு. வேலைய முடிக்கட்டும்."

அந்தப் படி இன்னும் சுவரில் இருக்கிறது. அன்னத்தின் வயிற்றுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கால்கள். அம்மாவின் பறவைகள் அங்கிருந்துதான் ஆரம்பித்தன.

அதன் பிறகு அவள் மற்ற ஊர் மூடிகளை விட்டுவிட்டாள். தானே வட்டம் போட்டு, அதற்குள் எங்கள் ஊர்ப் பறவைகளை வைத்தாள். வாலாட்டி, கொண்டைக்குருவி, பருந்து, மீன்வலைக் கம்பில் நிற்கும் கொக்கு. முடி வெட்டும் கத்தரியால் தடித்த காகிதத்தில் உருவம் வெட்டுவாள். சீப்பில் மை தோய்த்து இழுத்தால் இறகு. அகலப் பல் சீப்பு பருந்துக்கு, பொடிச் சீப்பு சிட்டுக்கு. மூடி மாதிரியே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். விளிம்பில் பல் பல்லாகக் கட்டங்கள், திறப்பதற்கான துளை, அடியில் ஊர்ப் பெயர்.

ஊர்ப் பெயரை மட்டும் இடவலம் மாற்றி எழுதுவாள். அவள் கடைக்கு வருகிறவர்கள் முதுகுப் பக்கச் சுவரைத் தலை திருப்பிப் பார்க்க முடியாது. அவர்கள் பார்ப்பது கண்ணாடியில். கண்ணாடியில் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் சுவரில் மாறித்தான் இருக்க வேண்டும். அம்மாவே வாழ்நாள் முழுவதும் ஆட்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பேசினாள். மாற்றி எழுதுவது அவள் கைக்கு இயல்பாகிவிட்டது. அதுதான் பிறகு அவளைக் காட்டிக்கொடுத்தது.

*

போன வருஷம், ஊரில் பாதாளச் சாக்கடை போட்டு ஐம்பது வருஷம் ஆனதையொட்டி, புது மூடிக்குப் படம் வரைந்து தரும்படி நகராட்சி அறிவித்தது. ஊர்க்காரர் யாரும் தரலாம். ஆளுக்கு ஒரு படம். பறவை அன்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

"அன்னம் குளிருக்கு வந்துட்டுப் போற விருந்தாளி" என்றாள் அம்மா தொலைபேசியில். "வருஷம் பூரா இங்கயே கெடக்கறவன் ஒருத்தன் இருக்கான். அவன யாரு கேட்டா?"

முக்குளிப்பானைச் சொன்னாள். இரண்டு கைக்குள் அடங்கும் பழுப்புப் பறவை. நாணல் ஓரத்தில் மிதந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முங்கிவிடும். எங்கேயோ எழும்பும். சின்ன வயதில் எனக்கும் அம்மாவுக்கும் அது ஒரு விளையாட்டு. கரையில் நின்று, பறவை முங்கியதும் ஆளுக்கு ஓரிடத்தைக் கைகாட்ட வேண்டும். தோற்றவர் காய்கறிப் பையைத் தூக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் தூக்கினேன்.

அம்மா இரண்டு மூடிகள் வரைந்தாள். ஒன்றில் நீர்வளையங்கள் மட்டும். வளையத்துக்குள் வளையம், நடுவே ஒன்றுமில்லை. பறவை இப்போதுதான் முங்கியிருக்கிறது. இன்னொன்றில் எழும்பிய பறவை, முதுகில் சொட்டும் நீர். ஒரு மூடியில் முங்கி இன்னொரு மூடியில் எழும்புகிறது. அடியில் ஊர் முழுக்கக் குழாய் போகிறதே, அதன் வழியாக வருகிறதாம்.

ஆனால் ஆளுக்கு ஒரு படம்தான். அம்மா வளையங்களைத் தன் பெயரில் கொடுத்தாள். பறவையைக் கினுயோ அத்தை பெயரில் கொடுத்தாள். இரண்டிலும் ஊர்ப் பெயர் இடவலம் மாறி இருந்தது.

குராமொச்சி கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், பேச்சு மெதுவாக இருக்கும். அன்று நானும் இருந்தேன். அவர் முதலில் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு சந்தேகம். கினுயோ அக்காவும் கண்ணாடி பாத்துதான் எழுதுவாங்களா?"

இரண்டாவது நாற்காலியில் தலை முழுக்கச் சுருளோடு கினுயோ அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"நான் மீனத்தான் பொரட்டிப் போடுவேன். எழுத்த இல்ல" என்றாள்.

"அடியே, வாய மூடு" என்றாள் அம்மா.

"அவரு கேக்கறாரு, நான் சொல்றேன். ஏன் தம்பி, என்ன படம்தான் வரைஞ்சிருக்கேன் நானு? எங்கிட்ட யாரும் காட்டவே இல்லயே."

குராமொச்சி சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "அக்கா, விதி ஆளுக்கு ஒண்ணு. ஒண்ண வாபஸ் வாங்கிக்கங்க. பறவைய வச்சுக்கிட்டு வெறும் தண்ணிய எடுத்துடலாம். என்ன?"

அம்மா கத்தரியைத் துடைத்து வைத்தாள்.

"பறவைய எடுத்துடு."

"அக்கா!"

"பறவ இருந்தா பாத்துட்டுப் போயிடுவாங்க. இல்லன்னாதான் நின்னு தேடுவாங்க."

கினுயோ அத்தை சுருள்கள் குலுங்கத் தலையை ஆட்டினாள். "போச்சு. என் பேர்ல இருந்த ஒரே படமும் போச்சு."

யாரும் எதிர்பார்க்கவில்லை, வெறும் தண்ணீர் தேர்வானது. காரணம் எனக்குத் தெரியும். சாலைப் பரப்பின் வழுக்கலை அளப்பது என் வேலை. ஈரச் சாலையில் மூடிதான் ஆபத்தான இடம். மழையில் மோட்டார் சைக்கிள்காரன் அதில்தான் சறுக்குவான். மூடியின் மேடுகள் ஒரே திசையில் ஓடக் கூடாது, பரப்பு எங்கும் விட்டுவிட்டு வர வேண்டும். அம்மாவின் வளையங்களைச் சீப்பு சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்திருந்தது. எந்தப் பக்கமிருந்து சக்கரம் வந்தாலும் பிடிக்கும். இறகு போடும் கைப்பழக்கம், அவ்வளவுதான். அவள் மோட்டார் சைக்கிளை நினைக்கவே இல்லை.

பரிசு சொன்ன அன்று அம்மா சந்தோஷப்படவில்லை. குராமொச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"முங்கினது எழும்பலன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஊர் பூரா செத்த பறவைய நானே வச்ச மாதிரி ஆயிடும். ஒண்ணு வேணும். ஒரே ஒண்ணு."

குராமொச்சி தலையைச் சொறிந்தார். "மாதிரிக்குன்னு ஒண்ணு தனியா வார்ப்பாங்க, ஆபீஸ் வாசல்ல மாட்டி வைக்க. அத பறவையா வார்க்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன். ஆனா மாட்டி வைக்க மாட்டோம், ரோட்டுலதான் போடுவோம்னா... சரி, கேக்கறேன்."

கேட்டார். ஒத்துக்கொண்டார்கள். தெருவெல்லாம் வளையங்கள், ஊரில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் பறவை. அந்த இடத்தை அம்மா சொல்ல வேண்டும்.

*

வார்ப்பதற்கு முன் பட்டறையிலிருந்து பிசினில் செய்த மாதிரி வந்தது. என் கருவியைக் கொண்டுவந்து கடைத் தரையில் வைத்தேன். ரப்பர் நுனியோடு ஒரு ஊசல், ஈரப் பரப்பை உரசிப் போகும். எவ்வளவு தூரம் மேலேறுகிறது என்பதிலிருந்து வழுக்கல் தெரியும். பறவையின் முதுகில் ஊசல் தங்குதடையில்லாமல் ஏறியது.

"முதுகு வழுக்குது" என்றேன்.

"முக்குளிப்பான் முதுகு வழுக்கத்தான்டா செய்யும். தண்ணி ஒட்டாது."

"மூடி வழுக்கக் கூடாதும்மா."

"என் பறவ மேல எதுக்கு மிதிக்கணும்?"

"அது ரோட்டுல இருக்கு."

"சுத்திப் போகட்டும்."

"லாரி சுத்திப் போகுமா?"

"உங்கப்பா போயிருப்பார்."

முதுகில் கோடுகள் போடலாம் என்றேன். வரி வரியாய்ப் போட்டால் பறவை இல்லை, தர்பூசணி என்றாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒசாகாவுக்குப் போன் வந்தது.

"முதுகுல குஞ்சு ஏத்திட்டேன். ரெண்டு. வந்து அள."

முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். இறகுக்குள் புதைந்து தலை மட்டும் தெரியும். குஞ்சின் தலையில் வரிகள் உண்டு; மாதிரியின்மேலேயே பிசின் பூசி, சீப்பால் அவற்றைக் கீறியிருந்தாள். வரிகள் நாலாபக்கமும் ஓடின. அளந்தேன். முதுகு சரியாகிவிட்டது. கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது, அங்கே பொடிச் சீப்பு போட்டாள்.

குராமொச்சி பார்த்துவிட்டு, "குஞ்ச வச்சுக்கிட்டேவா அக்கா முங்கிச்சு?" என்று கேட்டார்.

"முங்கறப்போ தனியா. எழும்பினப்புறம் ஏறிக்கும்" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணாடியில்தான் பார்த்தாள். "கல்லாட்டம் கனத்தாலும் ஏறிக்கும்."

*

வளைய மூடிகளை மார்ச் கணக்கு முடிவதற்குள் போட்டுவிட்டார்கள். கடைக்கு எதிரே அன்னம் இருந்த இடத்தில் இப்போது நீர் விரிந்திருக்கிறது. அம்மா அதைப் பார்க்கவில்லை. ஆனால் தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு மூடியிலும் நின்று, "இதுல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பறவை எங்கோ ஓரிடத்தில் எழும்பும் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

பறவை மூடி கடைக்கு வந்தது. வைக்க வேறு இடமில்லாமல் குராமொச்சியும் நானும் அதை இரண்டாவது நாற்காலிக்குக் கீழே கிடத்தினோம். துக்கம் கேட்க வந்து உட்கார்கிறவர்களின் கால் அதன்மேல் படும். இரும்பு, தாங்கும்.

"கணக்கு முடிஞ்சிடுச்சே, இத இனிமே போட முடியுமா?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கறேன் சார். எடத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் மே மாதத்தில் வந்தது. கோயிலில் காரியம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தார்கள். கினுயோ அத்தை ஏரி இறாலும் சோயாவும் சேர்த்து வேகவைத்ததைப் பெரிய டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவுக்குப் பிடித்தது. கோயில் குருவின் மனைவி பழம் கொண்டுவந்தாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே எல்லோரையும் பொதுவாகக் கேட்டேன்: பறவைக்கு அம்மா எந்த இடம் என்று யாரிடமாவது சொன்னாளா?

"எங்கிட்ட சொன்னாளே" என்றாள் கினுயோ அத்தை உடனே. "என் கட வாசல்லதான். மீன் வாசனைக்கு அது அங்கதான் எழும்பும்னா."

குருவின் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்லயே. கோயில் வாசல்னு எங்கிட்ட சொன்னாங்க. போன மாசம் இல்ல, அதுக்கு முந்தின மாசம், முடி வெட்டிக்க வந்தப்ப."

"சும்மா இருங்க. கோயில்ல மீனா இருக்கு?"

"கோயில் கொளத்துல இருக்கே."

ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் அம்மாள் ஓரமாக நின்றவள், தயங்கித் தயங்கி, "ஸ்டேஷன் முன்னாடின்னு..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குராமொச்சியைப் பார்த்தார்கள். அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"எனக்கும் சொன்னாங்க. எங்க ஆபீஸ் பின்பக்கம். நான் சிகரெட் பிடிக்கற எடத்துல. அது எழும்பிப் பாத்தா நான் வெக்கப்பட்டு விட்டுடுவேனாம்."

கினுயோ அத்தைதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் ஆமாம் சொல்லி வச்சிருக்கா, பாவி. எல்லார்கிட்டயும்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன எடம் சொன்னா தம்பி?" என்று கேட்டாள் பிறகு.

"எனக்குச் சொல்லல."

"ஒண்ணுகூட?"

"சொன்னா நீ அளப்பன்னாங்க."

"அளக்கத்தானே செய்வ" என்றாள். திட்டுவது மாதிரிதான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு ஏரிக்கரைக்குப் போனேன். நாணல் ஓரத்தில் மிதக்கும் கூடு ஒன்று இருந்தது. தாய்ப்பறவை கொஞ்சம் தள்ளி மிதந்தது. முங்கியது. எனக்கு வழக்கமான முறை ஒன்று உண்டு: அது பார்த்திருந்த திசையில் ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் ஓரிடம் வைப்பேன். வைத்தேன். அது எனக்குப் பின்பக்கமாக, படகுத்துறைக் கட்டைக்கு அருகில் எழும்பியது.

சின்ன வயதில் ஒருமுறை காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி கேட்டேன், அது எங்கே எழும்பும் என்று உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று. "எனக்கு எங்கடா தெரியும்?" என்றாள். "அதுக்கே தெரியாது. கீழ போய்த்தான் முடிவு பண்ணும்." நான் நம்பவில்லை. ஏதோ கணக்கு வைத்துக்கொண்டு மறைக்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைக்குத் திரும்பி வந்தேன். கொக்கியில் அவள் ஏப்ரன் தொங்கியது. அதன் பையில் ஒரு பொடிச் சீப்பு, இரண்டு கிளிப், குராமொச்சி கொடுத்த நீலச் சாக்பீஸ். முனை தேயவில்லை. அவள் எங்கேயும் முன்கூட்டியே போய்ப் பார்த்து, குறி வைத்து, அழித்து வைக்கவில்லை. வியாழக்கிழமை அவரோடு நடந்துகொண்டே இருந்திருப்பாள். மீன்கடை, கோயில், ஸ்டேஷன், ஆபீஸ் பின்பக்கம் என்று எல்லா இடத்தையும் தாண்டிப் போயிருப்பாள். எங்கோ ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து, "இங்க" என்றிருப்பாள்.

குராமொச்சிக்குப் போன் செய்தேன்.

"எடம் முடிவாயிடுச்சா சார்?"

"இல்ல. வியாழக்கிழமை வர முடியுமா? நடக்கணும்."

"எங்கேந்து ஆரம்பிக்கலாம்?"

"கடையிலேந்து. கருவி ஒண்ணும் எடுத்துட்டு வரல."

சரி என்றார். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது. அம்மா போய் வட்டம் போட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று பாக்கி.